வழிகாட்டி நாய்க்குட்டியை வளர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் ஒரு நிறுவனம், லப்ரடோர் குட்டிகளை 8 கிழமை வயதில் தந்து, 15 மாத வயது வரை வளர்த்துத் திருப்பிக் கொடுக்கக்கூடிய குடும்பங்களைத் தேடுகிறது. நவம்பரில் குட்டி தரலாம் என்கிறார்கள். நான் ஆசிரியை, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். கணவர் அலுவலகத்தால் வர ஆறு மணியாகும். வீட்டில் 68 வயது மாமி, 15 வயது மகன், 11 வயது மகள், இவர்களோடு மணி என்று ஓர் ஊர் நாயும் இருக்கிறது. பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். மாமி, "வளர்த்துப்போட்டுக் குடுக்கிறது பாவம்" என்கிறா. எடுக்கலாமா?

பதில்:

நவம்பரில் வேண்டாம். பெப்ரவரியில் தருவார்கள் என்றால், காலையில் குட்டியோடு யார் இருப்பது என்பதற்கும், நிறுவனத்தின் பயிற்சியாளர் மட்டக்களப்புக்கு வருவாரா என்பதற்கும் உங்களிடம் தெளிவான விடை இருந்தால் எடுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மறுத்துவிடுவதுதான் நல்லது.

முதலில் மாதம். நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3ஆம் கிழமையிலிருந்து 14ஆம் கிழமை வரைதான். அந்த நாட்களில் கண்டு, கேட்டு, மணந்து பழகியது பிறகு சாதாரணமாகிவிடும். அப்போது காணாததை வளர்ந்த பின் கண்டால் சந்தேகப்படும். உங்களிடம் வரும்போதே குட்டிக்கு 8 கிழமை. மிச்சம் இருப்பது ஆறு கிழமை. நவம்பரில் வந்தால் அந்த ஆறு கிழமையும் மாரிமழைக்குள் போய்விடும். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் குட்டியை எங்கே கொண்டுபோவீர்கள்? தடுப்பூசி முடியாத குட்டிக்கு எலிக்காய்ச்சல் கிருமி கலந்த வெள்ளத் தண்ணீர் மிகவும் ஆபத்தானது. வெள்ளம் ஏறினால் உறவினர் வீட்டுக்கு ஓட வேண்டிவரும், அங்கே குட்டிக்குப் பழக்கமான மூலையும் இல்லை, கூடும் இல்லை. பெப்ரவரியில் வந்தால் மழை ஓய்ந்திருக்கும், வெயில் உச்சத்துக்கு வந்திருக்காது. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும்போது குட்டிக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். அடுத்த மாரி வரும்போது ஊசி எல்லாம் போட்டு முடிந்த 10 மாத நாயாக நிற்கும். நாம் கேட்கும் மாதத்தில் குட்டி பிறக்காதுதான். ஆனால் இப்படியான நிறுவனங்களுக்கு ஆண்டில் பல ஈற்றுகள் உண்டு. அடுத்த ஈற்றுக்குப் பெயரைப் பதிந்துவையுங்கள் என்று கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

இனி வீட்டு நேரம். இந்த வேலையில் நாயின் மீதுள்ள அன்பை விட வேலைநாளின் காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை யார் வீட்டில் என்பதுதான் பெரிய கேள்வி. உங்கள் கடிதத்தின்படி அந்த ஏழு மணித்தியாலமும் மாமி தனியாக. எட்டுக் கிழமைக் குட்டி விழித்திருக்கும்போது ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது வெளியே போக வேண்டும். அதோடு நித்திரையால் எழும்பியவுடன், சாப்பிட்ட பிறகு, விளையாடி முடிந்த பிறகு. ஒவ்வொரு முறையும் ஒருவர் வாரைப் பிடித்து, வளவில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், ஒரே சொல்லைச் சொல்லி, வேலை முடிந்தவுடன் அந்த இடத்திலேயே பாராட்ட வேண்டும். பின்னாளில் கண் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் நாய் ஓரிடத்தில் மலசலம் கழிக்க வேண்டும், அவர் குனிந்து பை வைத்து எடுக்க வேண்டும். அதனால் "எங்கேயாவது போய்விட்டு வரட்டும்" என்று கதவைத் திறந்துவிடுவது இங்கே வளர்ப்பாகாது. பகலில் அடக்கி வைத்திருக்கும் நேரத்துக்கு, வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது எத்தனையோ அத்தனை மணித்தியாலம் உச்ச எல்லை என்பார்கள். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணித்தியாலம். இரவில் முதல் சில கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை எழும்ப வேண்டும். அது கணவரின் முறையாக இருக்கட்டும்.

68 வயது மாமியால் முதல் மூன்று மாதம் இதைச் செய்ய முடியலாம். ஏழாம் மாதத்தில் லப்ரடோர் 20 கிலோவைத் தாண்டியிருக்கும். பூனையைக் கண்டு ஒரு இழுப்பு இழுத்தால் மாமி விழுந்து இடுப்பெலும்பு உடைவதற்கு அது போதும். ஆகவே காலைக்கு இன்னொரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் பொறுப்பான ஒருவர், பரீட்சை முடித்து வீட்டிலிருக்கும் உறவுப் பிள்ளை, யாராவது. அந்த ஆளும் நிறுவனத்தின் வகுப்புக்கு வர வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இந்தக் கடிதத்தின் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

சங்கிலியில் கட்டுவது தீர்வாகாது. நம் பக்கம் நாயை விடியக் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவது வழக்கம். கட்டிய நாய் போகிற வருகிற எல்லாவற்றுக்கும் குரைத்துப் பழகும், வழிகாட்டும் நாய்க்கு ஆகவே ஆகாத பழக்கம் அது. குட்டி எழுந்து நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் போதுமான கூடு ஒன்றை வீட்டுக்குள், ஆட்கள் நடமாடும் இடத்தில் வையுங்கள். பெரிய நாய்க்கான கூட்டையே வாங்கி, நடுவில் பலகை வைத்து இடத்தைச் சுருக்கலாம். இடம் கூடினால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்து மற்ற மூலையில் படுக்கும். தனிமைக்கும் பழக்க வேண்டும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பதினைந்து, அரை மணி. அழும்போது திறந்தால் அழுதால் கதவு திறக்கும் என்று படித்துக்கொள்ளும். அழுகை நின்ற ஒரு கணத்தில் திறவுங்கள். ஆனால் சிறுநீர் கழிக்கக் கேட்டு அழுகிறதா என்பதையும் பிரித்தறிய வேண்டும். அது ஒரு கிழமையில் விளங்கிவிடும்.

நிறுவனத்தைப் பற்றி. குட்டி வளர்க்கும் குடும்பம் என்ற முறை பழையது. அமெரிக்காவில் 1942இல் தொடங்கியது, பிரித்தானியாவில் 1956இல். இத்தனை ஆண்டு அனுபவத்தில் எல்லா இடத்திலும் ஒன்று பொதுவாக இருக்கிறது: குடும்பத்தின் பின்னால் ஒரு பயிற்சியாளர் நிற்பார். குட்டியை அடிக்கடி நேரில் பார்ப்பார். உங்கள் நிறுவனத்தின் பயிற்சியாளர் கொழும்பில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொன்னால், பணிவாக மறுத்துவிடுங்கள். வாரை இழுக்கும் நாயை வீடியோவில் பார்த்துத் திருத்தலாம். ஓட்டோச் சத்தத்துக்கு உடலைச் சுருக்கும் குட்டியை நேரில் பார்த்தால்தான் அது பயமா, களைப்பா, வயிற்று நோவா என்று சொல்ல முடியும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் குட்டி கொடுத்து, மாதம் இரண்டு முறை ஆள் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஒரே ஒரு குடும்பத்துக்காக யாரும் கொழும்பிலிருந்து தொடர்ந்து வரமாட்டார்கள். தொடக்கத்தில் வருவார்கள், பிறகு தேய்ந்துவிடும்.

செலவையும் எழுத்தில் கேளுங்கள். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, திடீர் சிகிச்சை, சாப்பாடு: எது யாருடையது? வளரும் லப்ரடோருக்கு உலர் தீனி மாதம் 10 கிலோவுக்கு மேல் போகும். மிருக வைத்தியருக்கான செலவை நிறுவனம் ஏற்காவிட்டால், அது தன் நாயை உங்கள் காசில் வளர்க்கப் பார்க்கிறது என்று அர்த்தம். நீங்கள் வெளியூர் போகும் கிழமையில் குட்டியை யார் வைத்திருப்பது, அது ஒருவரைக் கடித்தால் பொறுப்பு யாருக்கு என்பதும் அதே கடதாசியில் வர வேண்டும்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் சறுக்கும். சோறும் மீன் குழம்பும் மணிக்குப் போதும். மாதத்துக்கு மூன்று கிலோ கூடும் லப்ரடோர் குட்டிக்கு அதில் கல்சியமும் பொஸ்பரசும் சரியான அளவில் கிடைக்காது, கால் எலும்பு வளையலாம். பெரிய இன நாய்க்குட்டிக்கான தீனியைக் கொடுங்கள், நான்கு மாதம் வரை நாளுக்கு மூன்று முறை, பிறகு இரண்டு முறை, தராசில் நிறுத்து. அதற்கு மேல் கல்சியம் குளிசை கொடுக்கக் கூடாது. கூடின கல்சியமும் எலும்பைக் கெடுக்கும். லப்ரடோர் எப்போதும் பசித்த முகத்தோடுதான் நிற்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டார்கள்: பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவு. பொதுவான லப்ரடோர்களில் நான்கில் ஒன்றுக்கு அது உண்டு, உதவி நாய்களுக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்த வரிசையிலோ ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு. தீனிக்காக எதையும் செய்யும் என்பதால்தான் பழக்குவது இலகு. அதே காரணத்தால், மகளின் கையிலிருந்து விழுந்த ஒரு முறுக்குத் துண்டு போதும், அடுத்த ஆறு மாதம் சாப்பாட்டு மேசைக்கடியில்தான் கிடக்கும். வழிகாட்டும் நாய் தேநீர்க் கடையில் நிலத்தில் கிடக்கும் பணிஸ் துண்டுக்குக் குனிந்தால் பின்னால் வருபவர் நிலை தடுமாறுவார். ஆகவே சட்டம் ஒன்று: சாப்பாடு அதன் கோப்பையில் மட்டும், பயிற்சித் தீனி கையிலிருந்து மட்டும். தரையிலிருந்தும் மேசையிலிருந்தும் ஒன்றும் இல்லை. விருந்தாளிகளுக்கும் இதே சட்டம்தான், அவர்களைக் கட்டுப்படுத்துவது நாயைக் கட்டுப்படுத்துவதை விடக் கஷ்டம்.

கல்லடிக் கடற்கரையில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்தில்லை. கரையில் குட்டி குட்டையான வாரில்தான் நடக்க வேண்டும், வாயில் எதையாவது எடுத்தால் துரத்தக் கூடாது. துரத்தினால் விழுங்கிவிடும். இன்னும் மணமான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வாவிக் கரையில் முதலை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். குட்டிக்குத் தண்ணீர் என்றால் பைத்தியம், அதற்குத் தெரியாது.

வெளியே கொண்டுபோவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த வளர்ப்பில் பாதி வேலை அதுதான். தடுப்பூசி 8, 12, 16ஆம் கிழமைகளில் முடியும். விசர்நாய்க்கடி ஊசி 12ஆம் கிழமையில் போட்டு ஆண்டுதோறும் தொடர வேண்டும். 16 கிழமை வரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பழகும் பருவம் போய்விடும். தெருவில் நடக்கவிட்டால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பிடிக்கலாம். வழி, தூக்கிக்கொண்டு போவதுதான். மடியில் வைத்து ஓட்டோவில், கூடையில் வைத்து, கையில் ஏந்தி. புகையிரத நிலையத்துக்கு வெளியே நின்று ரயில் வந்து நிற்பதைப் பார்க்கட்டும். கல்லடிப் பாலத்து நடைபாதையில் லொறி போகும் அதிர்வைக் கேட்கட்டும். பாண் ஓட்டோவின் இசை, கோயில் மணி, தலைக்கவசம் போட்ட ஆள், குடை விரிப்பது, ஊன்றுகோல், சக்கர நாற்காலி. ஒவ்வொன்றும் பத்து நிமிடம், ஒரு நாளுக்கு ஒன்று. காது பின்னே போனால், வாலைத் தொடைக்குள் ஒடுக்கினால், கொடுக்கும் தீனியை வாயில் எடுக்காவிட்டால், தூரம் போதவில்லை. பின்வாங்கி, சாப்பிடத் தொடங்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். "பழகட்டும்" என்று பக்கத்தில் தள்ளுவதுதான் நாய் வளர்ப்பில் நல்ல மனதோடு செய்யும் பெரும் கெடுதி. 8 முதல் 10 கிழமைக்குள் ஏற்படும் ஒரு பெரிய பயம் பிறகு அழிவது கடினம். வெடிச் சத்தத்தைப் போனில் மெல்லிய சத்தமாக, சாப்பிடும் நேரத்தில் ஒலிக்கவிட்டு நாளுக்கு நாள் சற்றே கூட்டுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னமே தொடங்க வேண்டும்.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முன்கூட்டியே போய் அனுமதி கேட்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பற்றியது. பயிற்சிக் குட்டியோடு நிற்கும் உங்களுக்கு அது உள்ளே போகும் உரிமையைத் தராது. அமெரிக்காவில்கூட மத்திய சட்டம் பயிற்சியிலிருக்கும் நாயைச் சேர்ப்பதில்லை. எனவே சட்டம் பேசாமல், ஆள் குறைந்த பத்து மணிக்கு வரலாமா என்று கேளுங்கள். அரச பஸ்ஸில் முயலாதீர்கள். கோயில் வீதிக்குள்ளும் வேண்டாம். வைரவருக்கு வாகனம் என்றாலும் அவரது வாகனத்தை உள்ளே விடும் ஐயர் யாரும் இல்லை. காத்தான்குடிப் பக்கம் போனால் வாரைக் குட்டையாகப் பிடித்து, எதிரே வருபவரிடமிருந்து குட்டியை உங்கள் மறுபக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது இங்குள்ள முஸ்லிம்களின் வழக்கம். யாரையும் நக்காமல், தாவாமல் போவது எப்படியும் இந்தக் குட்டி படிக்க வேண்டிய பாடம்தான், அங்கே அது மரியாதையுமாகிறது.

வெயில். காலை ஏழுக்கு முன், பின்னேரம் ஐந்தரைக்குப் பின். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. மூச்சிரைப்பு அடங்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஈரத் துணியால் மூடிவைக்கக் கூடாது, சூடு உள்ளேயே நிற்கும்.

இப்போது உங்கள் ஊர் நாய் மணி. நீங்கள் நினைப்பதை விட முக்கியமானவர். குட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே மணிக்கு விசர்நாய்க்கடி ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கபில நிற உண்ணி சுவர் வெடிப்பிலும் கூரையிலும் முட்டையிடும், மணியில் தங்கியிருந்து குட்டிக்கு உண்ணிக் காய்ச்சலைக் கொடுத்துவிடும். குட்டி சாப்பிடாமல், ஈறு வெளுத்து, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றே வைத்தியரிடம். மணி வாசலில் ஆள் கண்டால் குரைக்கிற நாய் என்றால் குட்டி ஒரு மாதத்தில் அதைக் கற்றுக்கொள்ளும். இரண்டும் நாளெல்லாம் ஒன்றாகத் திரியக் கூடாது. ஒன்றாக விளையாடுவது உங்கள் கண் முன்னால், அரை மணிக்குள். நாயோடு நாய் கூடிவிட்டால் மனிதர் சொல்வதைக் கேட்கும் ஆசை குறைந்துவிடும். முன்பு மணியின் கூட்டாளி யாராவது பார்வோ நோயால் வளவில் செத்திருந்தால் நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்தக் கிருமி மண்ணில் ஓராண்டு வரை கிடக்கும்.

தரை டைல்ஸ் என்றால் குட்டி நடமாடும் இடத்தில் ரப்பர் பாய் போடுங்கள். வழுக்கி வழுக்கி வளரும் குட்டியின் இடுப்பு மூட்டு கெடலாம், இடுப்பு கெட்ட நாய் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் வழிகாட்ட முடியாது. மாடிப்படியில் ஓடவிடவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுங்கள். மகள் தீனி நிறுக்கலாம், பல் துலக்கலாம், காது பார்க்கலாம். மழைக்காலத்திலும் குளிப்பாட்டிய பிறகும் காதை உலர்த்தாவிட்டால் லப்ரடோருக்குச் சீழ் பிடிக்கும். ரோட்டில் வாரைப் பிடிப்பது மகளின் வேலை அல்ல. மகன் பின்னேர நடையை எடுக்கலாம், ஆனால் சாதாரண தரப் பரீட்சை வரும் மாதங்களில் அவனை நம்பித் திட்டம் போடாதீர்கள். பந்தெறிந்து விளையாடுவதை நிறுவனங்கள் பொதுவாகத் தடுக்கும். பந்தைக் கண்டால் உலகத்தை மறக்கும் நாய், மைதானத்துக்குப் பக்கத்தில் ஒருவரை வழிநடத்த முடியாது. இதைச் சொல்லும்போது மகனின் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதிலேயே உங்கள் விடையில் பாதி இருக்கிறது. எல்லோரும் ஒரே கட்டளைச் சொல்லைப் பாவிக்க வேண்டும், நிறுவனம் தரும் பட்டியலில் உள்ளபடி. நீங்கள் "இரு", கணவர் "உட்கார்", பிள்ளைகள் "சிட்" என்றால் குட்டி மூன்றையும் கேட்காமல் விடும்.

மாமியின் சொல்லை லேசாக எடுக்க வேண்டாம். குட்டிக்கு 15 மாதமானதும் உங்கள் வீட்டில் அழுகை வரும், குட்டியை மிகவும் நேசித்தவருக்குத்தான் அதிகம். பகல் முழுக்க அதோடு இருந்தவர் மாமியாகத்தான் இருப்பார். குட்டிக்கும் சில நாள் தடுமாற்றம் இருக்கும். ஆனால் சிறு வயதிலிருந்து வெவ்வேறு ஆட்களோடு பழகிய லப்ரடோர் புதிய கையை ஏற்றுக்கொள்ளும், வேலையில் மகிழும். அங்கே இன்னும் சில மாதம் பயிற்சி, பிறகு ஒருவரோடு சேர்ந்து பழகுதல், ஏறக்குறைய 10 வயது வரை வேலை. இது எல்லாக் குட்டிக்கும் கிடைப்பதில்லை என்பதையும் மாமியிடம் சொல்லுங்கள். நல்ல நிறுவனங்களிலும் வளர்த்துக் கொடுக்கும் குட்டிகளில் பாதிக்குக் கிட்ட வழிகாட்டியாவதில்லை. சத்தத்துக்குப் பயம், பூனை மீது கவனம், தோல் ஒவ்வாமை, கண், இடுப்பு என்று காரணங்கள் பல. பெரும்பாலானவை உங்கள் பிழையாக இருக்காது. அப்படித் திரும்பும் நாயை முதலில் வளர்த்த குடும்பத்துக்குக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், எடுக்காவிட்டால் நாய் எங்கே போகும் என்று பாருங்கள். திரும்பி வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் எடுப்பதாக இருந்தால் எடுக்காதீர்கள், சாதாரணமாக ஒரு குட்டியை வாங்கி வளர்ப்பது எல்லோருக்கும் நல்லது.

பெப்ரவரி வரை இருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். ஏற்கெனவே வளர்க்கும் குடும்பம் ஒன்று வெளியூர் போகும்போது அவர்களது ஏழு எட்டு மாதக் குட்டியை இரண்டு கிழமை வைத்திருக்கத் தருவார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சின்னக் குட்டி எல்லோரையும் மயக்கிவிடும். ஏழு மாதத்தில் பல் முளைத்து முடிந்து, சொன்னதைக் கேட்காமல், செருப்பைக் கடித்துக்கொண்டு, மழை நாளில் வெளியே போகக் கேட்டு நிற்கும் லப்ரடோர்தான் உண்மையான பரீட்சை. அந்த இரண்டு கிழமையில் விடிய ஐந்தரைக்கு எழும்பியது யார், மாமியின் முழங்கால் எப்படி இருந்தது, மணி சாப்பிட்டாரா என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கொப்பியையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துக் கணவரோடு இருந்து பாருங்கள்.